மூன்று விரற்கடை

பூட்டு மேசைமேல்தான் கிடந்தது.
சோப்புக்கட்டி அளவு, கறுப்பு ஹார்ட் டிஸ்க்.
பெரம்பூர் பேரக்ஸ் ரோடு, மூன்றாம் மாடி.
சாவியை எங்கும் வைக்கவில்லை.

யூனியனில் கணினி பார்க்கிற நவ்ஷாத்
செய்து கொடுத்தபோது சொன்னான்:
"பாஸ்வேர்டுன்னா அதட்டிக் கேப்பாங்க அக்கா.
இது உங்களுக்கே தெரியாது."

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும்
அறைக்குள் விழும் அலைகளை அது எண்ணும்:
எதிர்வீட்டு 'ஓசி கிடையாது',
'ஜெபவீடு 2', பல் கிளினிக்,
டியூஷன் சென்டர், பேக்கரி, இப்படிப் பத்து.
சுவரில் மோதி, இரும்பு பீரோவில் மோதி,
என் உடம்பின் தண்ணீரில் கொஞ்சம் கரைந்து
மிச்சம் வருகிற பலம் எத்தனை என்று.
அந்த எண்களை அரைத்து ஒரு சாவி.
எழுதி வைக்காது.
காற்று மாறினால் அந்த நொடியே மூடிக்கொள்ளும்.
நாற்காலி மூன்று விரற்கடை தள்ளிப் போனாலும்
வேறு எண்.

பத்துக்கு ஏழு பொருந்தினால் போதும் என்று
கொஞ்சம் கருணை வைத்திருந்தான்.
ஐப்பசியில் சுவர் ஊறினால் ஆறுதான் வரும்;
கொடியில் காயும் ஈரச்சேலையை எடுத்தால்
ஏழாகிவிடும்.

உள்ளே,
அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனியில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் சம்பளச் சீட்டு.
யார் சாட்சி சொல்லத் தயார் என்ற குறிப்பு.
கம்பெனிக்கு வேண்டியது அந்தக் குறிப்பு மட்டும்.

ஆடிச் செவ்வாய், புகார் என்று வந்தார்கள்.
பீரோவை நகர்த்திப் பின்பக்கம் பார்த்தார்கள்.
டிஸ்கைக் கிண்டிக்குக் கொண்டுபோனார்கள்.
கிண்டியில் அது ஊமை.
"சாவி எங்கம்மா?"
"காத்துல சார்."
நக்கல் என்று நினைத்து
ராத்திரி எட்டு வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.
உண்மை அவ்வளவு சௌகரியமாக
எனக்கு அதற்குமுன் இருந்ததில்லை.

பதினோரு மாதம் கழித்து
கோர்ட் சொல்லித் திரும்பி வந்தது, அரக்கு முத்திரையோடு.
வெள்ளிக்கிழமை விசாரணை.
வியாழன் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
பத்துக்கு மூன்று.

காற்றும் குடி மாறும்.
டியூஷன் சென்டர் கொளத்தூர் போய்விட்டது.
பேக்கரி இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள்.

முதலில் பீரோ.
மொசைக்கில் அதன் கால்கள் விட்ட துருவட்டம் நாலு,
ஆசிட் ஊற்றியும் போகவில்லை என்று
எத்தனை நாள் திட்டியிருப்பேன்.
அதன்மேல் அச்சாக நகர்த்தி வைத்தேன்.
நாலு.

'ஜெபவீடு' பாஸ்டர் ஆமோஸ்
கரண்ட் பில்லுக்குப் பயந்து அணைத்திருந்தார்.
போட்டார். ஐந்து.

'ஓசி கிடையாது' கஜபதி
ஃபைபருக்கு மாறி, பழைய பெட்டியைப் பரணில் எறிந்திருந்தார்.
"இதுல நெட் வராதேம்மா."
"வர வேணாம் சார், லைட் எரிஞ்சா போதும்."
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே ஏணி எடுத்துவந்தார்.
ஆறு.

பல் கிளினிக்கில் யாரோ வாய் பிளந்து படுத்திருந்தார்.
டாக்டர் மெஹருன்னிசா தலை திருப்பவில்லை.
ரவுட்டர் இருந்த பலகையையே பெயர்த்துவிட்டார்கள்,
சுவரில் ரெண்டு ஆணி மிச்சம்.
டோக்கன் கொடுக்கும் பொண்ணு ஸ்டூல்மேல் ஏறினாள்,
பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு.
நான் மாடிக்கு ஓடி, உட்கார்ந்து, போனில்,
"இன்னும் மேல. இல்ல, ஆணிப் பக்கம்.
ஒரு விரல். இன்னொரு விரல்."

ஏழு.

பட்டியல் திறந்தது.
ஒன்று: மாரிக்கொழுந்து, ஓவர்லாக் பிரிவு.
பதினோரு நாள் கூலி பாக்கி.
சாட்சி சொல்லத் தயார்: ஆம்.

"அக்கா, எறக்கட்டுமா? கை வலிக்குது."
"காப்பி ஆயிட்டிருக்கும்மா," என்றேன்,
மூச்சைக்கூட அளந்து விட்டபடி.
"முப்பத்திரண்டு சதவீதம்.
அப்படியே நில்லு."